பிரதம விருந்தினரின் பாரம்

சண்டிலிப்பாய்ப் பொன்னம்பலத்தாரின் மாடுகள் ஒவ்வொரு வண்டிச் சவாரியிலும் வென்றுவிடுவது நாட்டின் முன்னேற்றத்துக்குப் பெரும் இடையூறு என்பது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், தேத்தண்ணி வருவதற்குச் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் திரு. கஜானன். மரபு விளையாட்டுகளின் போட்டித்தன்மை மேம்பாட்டு அலகு என்று ஓர் அலுவலகம் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு அவர் உதவிப் பணிப்பாளர். வெளிநாட்டிலே குதிரை வண்டிகள் எப்படிப் பந்தயம் ஓடுகின்றன என்று பார்த்துவர அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் பார்த்துவிட்டு ஒரு தொப்பியோடும் ஒரு கொள்கையோடும் திரும்பி வந்தார். தொப்பி அவருக்குக் கொஞ்சம் பெரிது. கொள்கை ஊருக்குக் கொஞ்சம் பெரிது.

கொள்கை இதுதான்: எந்த வண்டி வெல்லும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அது போட்டி அல்ல. ஆகவே வெல்லுகிற வண்டியை வெல்லவிடாமல் செய்வதே போட்டியை வளர்க்கும் வழி.

பொன்னம்பலத்தாருக்கு வெங்காயமும் புகையிலையும் தோட்டம். மனைவி நல்லம்மா. பிள்ளைகள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் வரவேண்டும் என்று வலிகாமத்துப் பெற்றோர் எல்லாரும் நேர்வதுபோல அவர்களும் நேர்ந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பாரிசுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை போட்டு நன்றாக இருக்கிறார்கள். பெயர்கள் வீணாகக் கூடாதென்று பொன்னம்பலத்தார் அவற்றைத் தம் சவாரி மாடுகளுக்கு வைத்துவிட்டார். நல்லம்மா வேலிக்கு மேலால், "டொக்டர் இன்னும் தண்ணி குடிக்கேல்லை" என்று கூப்பிடும்போது, விருந்துக்கு வந்தவர்கள் சிலர் மரியாதையாக எழுந்து நின்றதும் உண்டு.

இந்த டொக்டரும் எஞ்சினியரும் வெல்வதில் ஒரு சூக்குமம் இருந்தது. எங்கள் பகுதியில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து நன்றியுரையும் ஆனபின்தான் எந்த நல்ல காரியமும் தொடங்கும். சவாரியும் அப்படித்தான். ஆகவே பொன்னம்பலத்தார் இந்த இரண்டையும் கன்றுப் பருவத்திலேயே வாசிகசாலைத் திறப்பு, பரிசளிப்பு விழா, விளையாட்டு விழா என்று ஒன்றும் விடாமல் கொண்டுபோய் வேலியோரம் கட்டிவைப்பார். மைக்கிலே ஆள் பேசுகிற மட்டும் மாடு அசையக்கூடாது. "நன்றி, வணக்கம்" என்று கேட்டதும் ஒரு துண்டு பனங்கட்டியை வாயில் வைத்து, அவிழ்த்து விரட்டுவார். மற்ற மாடுகள் வெள்ளைக் கொடி விழுந்த பிறகு, அடி வாங்கி, யோசித்து ஓடும். டொக்டரும் எஞ்சினியரும் "வணக்கம்" என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்பே பாதித் திடலைத் தாண்டிவிடும்.

இது பொன்னம்பலத்தாருக்கும் நல்லம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய மீசை. இரண்டு பக்கமும் வண்டி நுகம் போலத் திரண்டு நிற்கும் மீசை. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அதை முறுக்கிக்கொண்டு சந்தைக்குள்ளால் ஒரு நடை போவார். கத்தரிக்காய் வாங்குவதற்கல்ல.

கொள்கையை விளக்கச் சவாரிச் சங்கத்தில் கூட்டம் கூடியது. சங்கத்தின் செயலாளர் தெல்லிப்பழை ஜொனதன் மாஸ்டர். மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். சென்ற கூட்டத்து அறிக்கையைக்கூடப் பிரசங்கம் போல நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். முன்வரிசையில் பொன்னம்பலத்தார் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், எப்போதும் இரண்டாவதாக வருகிற இளவாலைச் சூசைதாசன். சூசைதாசனின் மாடுகளின் பெயர் விசா, பாஸ்போட். குடும்பமே கனடாவுக்கு வெளிக்கிட்டு நின்ற காலத்தில் வைத்த பெயர்கள். பாஸ்போட் சுணங்காமல் வந்துவிடும். விசாதான் எப்போதும் இழுத்தடிக்கும்.

"அந்த நாட்டிலை வெல்லுற குதிரையைக் கொஞ்சம் பின்னாலை நிப்பாட்டித்தான் ஓடவிடுவினம்" என்றார் கஜானன்.

"இஞ்சை பின்னாலை நிப்பாட்டேலாது தம்பி. திடலுக்குப் பின்னாலை என்ரை புகையிலை நிக்குது" என்றார் பொன்னம்பலத்தார்.

'தம்பி' என்ற சொல்லை ஜொனதன் மாஸ்டர் 'கௌரவ உதவிப் பணிப்பாளர் அவர்களே' என்று பதிந்துகொண்டார்.

"அப்ப வண்டியிலை பாரம் ஏத்துவம். மணல் மூட்டை."

மணல் என்றதும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

"சேர், மணலெண்டால் அனுமதிப்பத்திரம் வேணும்" என்றார் சூசைதாசன். "இல்லாட்டிப் பொலிஸ் வண்டியைப் பிடிக்கும். மாட்டையும் பிடிக்கும்."

"சவாரி ஓடுற வண்டியை ஏன் பிடிக்கினம்?"

"ஓடுறதாலைதான் சேர் பிடிப்பினம். மணலோடை மெதுவாப் போனாலே சந்தேகம். ஓடினால் கடத்தல்தான்."

கல் ஏற்றலாமா என்று பார்த்தார்கள். அதற்கு வேறொரு திணைக்களம். வெங்காயம் ஏற்றலாமா என்று பார்த்தார்கள். சவாரி முடியுமுன் விலை மாறிவிட்டால் பாரமும் மாறிவிடுமா என்று ஒருவர் கேட்டார். கஜானன் வெங்காயத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அப்போதுதான் ஜொனதன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"சேர், எங்களிட்டைப் பாரம் இருக்குது. ஒவ்வொரு வருசமும் மேடை நிறைய இருக்குது. விருந்தினர்மார்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு காலம் இது ஏன் தோன்றவில்லை என்ற வெட்கம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. எங்கள் விழாக்களில் மேடைக்கு முன்னால் இருப்பவர்களைவிட மேடையில் இருப்பவர்கள் அதிகம். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், இவர்களில் ஒருவர் வராவிட்டால் போட வைத்திருக்கும் விருந்தினர். இவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம். தாமாகவே வருவார்கள், தாமாகவே ஏறுவார்கள். இறக்குவதுதான் கஷ்டம்.

"அருமை!" என்றார் கஜானன். "வெல்லுற வண்டியிலை பிரதம விருந்தினர். ரெண்டாவது வண்டியிலை சிறப்பு விருந்தினர். வண்டி விருந்தினரோடைதான் கோட்டைத் தாண்டோணும்."

அந்த வருடப் பிரதம விருந்தினர் மேலதிகப் பணிப்பாளர் நாயகம் திரு. தேவராஜா. முருங்கைக்காய்க்குக் கோட்டு மாட்டியது போன்ற தேகம். சிறப்பு விருந்தினர் பிரதிப் பணிப்பாளர் திருமதி ஜெனிற்றா. நல்ல ஆரோக்கியமான பெண்மணி. சூசைதாசன் துள்ளி எழும்பினார்.

"உதென்ன நியாயம் சேர்? தேவராஜா ஐயாவைக் காத்தடிச்சாலே தூக்கிக்கொண்டு போயிடும். மேடத்தை எங்கடை விசா என்னெண்டு இழுக்கும்? ரெண்டு பேரையும் நிறுத்துப் பாருங்கோவன்!"

"மேலதிகாரியைத் தராசிலை ஏத்துறதே? என்ன கதை கதைக்கிறீங்கள்?" கஜானன் தொப்பியைச் சரிசெய்தார். "பாரம் பதவியைப் பொறுத்தது. பதவியின்படி ஐயாதான் பாரம். மேடம் ஐயாவைவிட ரெண்டு படி இலேசு."

இந்த விளக்கம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. சூசைதாசனின் மனம் ஏகத்தில் சேரவில்லை. வெளியே வந்ததும் அவர் பொன்னம்பலத்தாரை மறித்தார்.

"ஏன் காணும், பதவியை ஏத்திக்கொண்டு ஓடி வெல்லப் போறீரே?"

"பதவியென்ன, பாராளுமன்றத்தையே ஏத்தினாலும் வெல்லுவன்."

"அப்ப பந்தயம் பிடியும். தோக்கிறவன் அரை மீசையை வழிக்கோணும்."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொன்னம்பலத்தாரின் கை தானாகவே மீசைக்குப் போனது. "ஓம்" என்று சொல்லிவிட்டார். மனிதர் வெள்ளத்துக்குப் பயந்ததில்லை, போர்க்காலச் செல்லடிக்குப் பயந்ததில்லை. மீசைக்கு உண்மையாகவே பயந்தார்.

வீட்டில் நல்லம்மா கேட்டதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "இஞ்சருங்கோ, எங்கடை அப்பு உந்த மீசையைப் பாத்துத்தான் கலியாணத்துக்கு ஓமெண்டவர். முகத்தை ஆரும் பாக்கேல்லை. இனி நான் முகத்தைப் பாத்துக்கொண்டே இருக்கிறது?"

"தோத்தால்தானே?"

"தோத்தால் கீரிமலைக்குப் போய் முழுகிப்போட்டு அங்கையே இருங்கோ. மீசை முளைச்சாப்பிறகு வாங்கோ."

சவாரி நாள் வந்தது. திடலைச் சுற்றிச் சனம். ஐஸ்கிறீம் வான், கச்சான் கடலை, பலூன். இரண்டு சவாரி வண்டிகளிலும் வெள்ளை உறை போட்ட பிளாஸ்ரிக் கதிரை ஒவ்வொன்று. கதிரையை வண்டியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும் என்று பொன்னம்பலத்தார் சொன்னார். கயிறு படத்தில் அழகாக விழாது என்று கஜானன் சொன்னார். கலியாண மண்டபங்களில் இப்போதெல்லாம் இதுதான் மோஸ்தர் என்று ஊதாநிற ரிபனால் பூப்போலக் கட்டினார்கள்.

தேவராஜா மாலையோடும் பொன்னாடையோடும் ஏறி அமர்ந்தார். பின்னால் பாரமே தெரியவில்லை. பொன்னம்பலத்தாருக்கு மனதுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. ஜெனிற்றா மேடம் ஏறியபோது விசா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

உரைகள் எல்லாம் நடந்தன. ஜொனதன் மாஸ்டர் நன்றியுரைக்கு எழுந்தார். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர், சோடா தந்தவர், சோடா திறந்தவர் எல்லாருக்கும் நன்றி சொல்லி, "நன்றி, வணக்கம்" என்றார். டொக்டரும் எஞ்சினியரும் பாய்ந்தன. கொடி பிறகுதான் விழுந்தது. சூசைதாசனின் வண்டி முக்கி முனகிக்கொண்டு பின்னால் வந்தது. பொன்னம்பலத்தார் எழுந்து நின்று மாடுகளின் மூக்கு நாணயக் கயிற்றைத் தளரவிட்டார். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. மீசை காற்றில் பறந்தது. வாழ்க்கை இனித்தது.

அந்த நேரத்தில்தான் தேவராஜா கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு வயரில்லாத மைக்கை எடுத்தார்.

"ஐயா, உதென்ன?"

"கஜானன் தந்தது. ஓடுற வண்டியிலை இருந்தே மக்களோடை நேரடியாக் கதைக்கட்டாம். உற்சாகம் கூடுமாம்."

"ஐயா, வேண்டாமையா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேண்டாம்!"

"பெரியோர்களே, தாய்மார்களே..." என்று திடலைச் சுற்றி இருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் முழங்கின.

டொக்டர் நின்றது. எஞ்சினியர் நின்றது. இரண்டும் தலையைத் தாழ்த்தி அசைபோடத் தொடங்கின. வாசிகசாலை வேலியோரம் நின்ற அதே பணிவு.

பொன்னம்பலத்தார் கத்தினார், தட்டினார், வாலை முறுக்கினார், கெஞ்சினார். மைக்கிலே ஆள் பேசுகிற மட்டும் அவை அசையாது. பழக்கியவர் அவரேதான், ஆரைக் குறை சொல்ல?

சூசைதாசன் இதைக் கண்டதும் ஆனந்தமாக ஒரு கூக்குரல் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்தார். அங்கேயே விசாவும் பாஸ்போட்டும் நின்றுவிட்டன. வாழ்நாள் முழுவதும் டொக்டரின் வாலைப் பார்த்தே ஓடிய மாடுகள். முன்னால் ஒரு வால் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் போவதென்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டு வண்டிகளும் எல்லைக் கோட்டுக்கு ஓர் எட்டுக் குறைவில் அருகருகே நின்றன. வெயில் எரித்தது. தேவராஜா மாட்டினத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார்.

"மாஸ்டர்!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார் பொன்னம்பலத்தார். "நன்றியுரை சொல்லும் மாஸ்டர்! கெதியாச் சொல்லும்!"

"ஒரு விழாவுக்கு ஒரு நன்றியுரைதான் பொன்னம்பலம்! அது முடிஞ்சுது!" என்றார் ஜொனதன் மாஸ்டர். "அதோடை, பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருக்கேக்கை நன்றி சொல்லுற வழக்கம் எங்கடை சங்கத்திலை இல்லை!"

சனம் ஐஸ்கிறீம் வானைச் சுற்றிக்கொண்டது. தேவராஜா சிந்துவெளியைத் தாண்டவில்லை. சூசைதாசன் வண்டியை விட்டிறங்கி விசாவை முன்னாலிருந்து இழுத்துப் பார்த்தார். விசா ஓரடி வைத்தது. கோட்டுக்கு அரைச்சாண்தான் பாக்கி. பொன்னம்பலத்தாரின் மேலுதடு ஏற்கெனவே வழித்துவிட்டதுபோலக் குளிர்ந்தது. இனிப் பொறுக்க முடியாது. அவர் குனிந்தார். பிரதம விருந்தினரின் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டினார். தேவராஜா ஆரியர் வருகைக்காக மூச்செடுத்த இடைவெளியில் மைக்கின் வாயில் வாயை வைத்து முழங்கினார்:

"நன்றி, வணக்கம்!"

வண்டி அம்பாகப் போனது. ஊதா ரிபன் பூவாக அவிழ்ந்தது. தேவராஜா கதிரையோடு மணலில் போய் இறங்கி, முகம் குப்புற விழுந்த பிறகும் எடுத்த வாக்கியத்தை முடித்தார். டொக்டரின் வாலைக் கண்ட விசாவும் பாஸ்போட்டும் ஓட்டம் எடுத்தன. சூசைதாசன் ஒரு மாதிரித் தொற்றி ஏறிக்கொண்டார். ஆனால் ஜெனிற்றா மேடம் வண்டியில் இல்லை. மேலதிகாரி தரையில் கிடக்கும்போது தான் கதிரையில் இருப்பது முறையல்ல என்று வண்டி வெளிக்கிட முன்பே குதித்து, அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். அரசாங்க சேவையில் இவ்வளவு விரைவான முடிவை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

ஆக, இரண்டு வண்டிகளும் விருந்தினர் இல்லாமலே கோட்டைத் தாண்டின. பொன்னம்பலத்தாருடையது முதலில்.

"விருந்தினர் இல்லை. ரெண்டு பேரும் நீக்கம்" என்றார் கஜானன்.

பொன்னம்பலத்தாருக்கு மீசை யோசிக்கக் கற்றுக்கொடுத்தது. "தம்பி, பாரம் ஆளிலையே, பதவியிலையே?"

"பதவியிலைதான். நான் அண்டைக்கே சொன்னனான்."

"ஐயா விழுந்தார், ஓம். ஐயான்ரை பதவி விழுந்ததே?"

கஜானன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். பதவி வண்டியில் இருந்தது என்றால் தரையில் கிடந்தது சாதாரண மனிதர் என்றாகும். பதவி தரையில் கிடந்தது என்றால் மேலதிகப் பணிப்பாளர் நாயகம் பதவியிலிருந்து விழுந்தார் என்றாகும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குத் தூர மன்னாருக்கு இடமாற்றம் வரும்.

"இதை ஆராய ஒரு குழு நியமிக்கப்படும்" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "பாத்தனீங்களே? ஆர் வெண்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது! இதுதான் உச்சப் போட்டித்தன்மை!"

"அப்ப எங்கடை மீசை?" என்றார் சூசைதாசன்.

"அதுக்கு ஒரு இடைக்காலத் தீர்வு. அறிக்கை வருமட்டும் ரெண்டு பேரும் அரைவாசி எடுங்கோ. வழிச்ச பாதி குழுவின்ரை பொறுப்பு. ஆரும் தன்பாட்டிலை வளக்கப்படாது."

பொன்னம்பலத்தார் இடப்பக்கத்தை இழந்தார். சூசைதாசன் வலப்பக்கத்தை இழந்தார். இருவரும் சேர்ந்து நின்றால் ஒரு முழு மீசை வந்தது. சங்கத்தின் படங்களுக்கு அப்படியே நிற்கவைத்தார்கள். பொன்னம்பலத்தார் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். நல்லம்மா வலப்பக்கமாக நின்றே அவருக்குச் சோறு போட்டாள். அவர் மனம் உடைந்துபோனார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் தேவராஜாவின் மேலுதட்டில் ஒரு பக்கம் மணல் உரசிய காயம். மருந்து போட அந்தப் பக்கத்து மீசையை எடுக்கவேண்டி வந்தது. மற்றப் பக்கத்தை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை அரை மீசையோடு அலுவலகம் போனார். செவ்வாய்க்கிழமை பணிப்பாளர்கள் அரை மீசையோடு வந்தார்கள். மேலதிகாரி அரை மீசையோடு இருக்கையில் கீழே உள்ளவர் முழு மீசை வைத்திருப்பது ஒழுக்கக்கேடு என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் விளங்கியது. பிறகு எழுதுவினைஞர், பிறகு வங்கிகள், பிறகு ரியூசன் வாத்திமார். மீசையே வளராத கஜானன் ஒரு பாதியை மையால் வரைந்துகொண்டார். ஆவணியில் கலியாணவீடுகளில் மாப்பிள்ளைமார் எல்லாரும் அரை மீசை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இதுதான் அங்கே இப்போது மோஸ்தர் என்றார்கள். அங்கே இருந்தவர்கள் இதுதான் ஊரில் மோஸ்தர் என்றார்கள்.

தேவராஜாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதன்பின் குழுவுக்கு ஒரு சிக்கலும் இல்லை. உயர்ந்த பதவி விழுந்திருக்க முடியாது. ஆகவே அன்று வண்டியில்தான் இருந்தது. ஆகவே வென்றவர் பொன்னம்பலம். அறிக்கையைக் கேட்டதும் அவர் அழுதேவிட்டார். தோட்டத்துக்குள்ளேயே கிடந்து, எண்ணெய் பூசி, நீவி, தடவி, முழு மீசையை வளர்த்தெடுத்தார். வளர்ந்த அன்று அதை முறுக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்.

சனம் அவரைப் பார்த்தது. பிறகு இரக்கத்தோடு தலையைத் திருப்பிக்கொண்டது.

"பாவம், பொன்னம்பலண்ணை. தோத்துப் போனார் போலை" என்றாள் மரக்கறிக்காரி. "பாருங்கோவன், முழு மீசையோடை திரியிறார்."

"நான் வெண்டனான் பிள்ளை! வெண்டதாலைதான் முழு மீசை!"

"ஓம், ஓம்" என்றாள் அவள், பைத்தியக்காரருக்குச் சொல்வதுபோல. அந்தப் பக்கத்தில் சூசைதாசன் வந்தார். மோஸ்தரைத் தொடங்கி வைத்தவர் என்று அவரைச் சுற்றி இளந்தாரிகள் போனோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் நல்லம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். கோயிலில் திருவிழா. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உந்தக் கோலத்தோடை என்னோடை வராதேங்கோ. நாலு சனம் சிரிக்கும்."

அன்று பின்னேரமே பொன்னம்பலத்தார் சலூனுக்குப் போனார். உள்ளே இடமில்லை. ஜொனதன் மாஸ்டர், சங்கத்தார், ஐஸ்கிறீம் வான்காரர் எல்லாரும் வாங்கிலில் காத்திருந்தார்கள். அதிகாரிகளின் முட்டாள்தனத்தைப் பற்றி வெகு காரமாகக் கதை நடந்தது. மனிதரை மாட்டுவண்டியில் ஏற்றினார்களே என்றார் ஒருவர். மேலே இருப்பவன் எதைச் செய்தாலும் கீழே இருப்பவன் யோசியாமல் செய்கிறானே, இந்தச் சனம் உருப்படுமா என்றார் இன்னொருவர். பொன்னம்பலத்தாரும் நெருக்கி ஓர் ஓரத்தில் இருந்துகொண்டு, தம் பங்குக்கு நாலு ஏச்சு ஏசினார். ஒவ்வொருவராகத் தங்கள் முறை வந்ததும் கதையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், கதிரையில் சாய்ந்து முகத்தை நீட்டினார்கள்.